வலது கைக்குத் துளைத்த பந்து

அநியாயம் இழைக்கப்பட்டவள் நான். மங்கையர்க்கரசி, முதுகலை அரசறிவியல் இரண்டாம் ஆண்டு, பிறந்ததிலிருந்து இடது கைக்காரி. இழைத்தவர்கள் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் பௌலிங் பந்து விற்கிறவர்கள். கிரிக்கெட் இல்லை, மாலில் வழவழவென்ற நீளமான தளத்தில் கனத்த பந்தை உருட்டி அந்தக் கோடியில் நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங். அந்தப் பந்தில் மூன்று துளை இருக்கும், கட்டைவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் ஒவ்வொன்று. உங்கள் கைக்கே அளவெடுத்துத் துளை போட்டு அனுப்புவோம் என்று சொன்னார்கள். அளவை வாங்கிக்கொண்டார்கள், இடது கை என்று நான் எழுதியதையும் வாங்கிக்கொண்டார்கள், வலது கைக்குத் துளை போட்டு அனுப்பிவிட்டார்கள். நுகர்வோர் மன்றத்துக்கு எழுதினால் மனுவின் முதல் பத்தி இதுதான். இரண்டாம் பத்தியில்தான் சிக்கல். எழுத வேண்டிய இடது கையின் கட்டைவிரல் இந்த நிமிடம் அந்தப் பந்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. எதற்கம்மா உள்ளே விட்டாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்பார். ஆதாரத்துக்காக ஐயா. பொருந்தவில்லை என்று வீடியோ எடுத்து அனுப்பலாம் என்றுதான் விட்டேன். பொருந்தவில்லை என்றால் எப்படி உள்ளே போனது என்பார். போனது ஐயா, வரத்தான் இல்லை. உள்ளே போவதும் பொருந்துவதும் ஒன்றா என்று நான் திருப்பிக் கேட்பேன், மன்றத்தில் யாராவது ஒருவர் சிரிப்பார், வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். இந்த இடம் வரைக்கும் எத்தனை தடவை வாதாடிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறேன், விரல் அங்கேயே இருக்கிறது.

சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பந்து. கருநீலம், உள்ளே வெள்ளிப் புகை சுழல்கிற மாதிரி வேலைப்பாடு, திராட்சை மிட்டாய் வாசனை வேறு சேர்த்திருக்கிறார்கள், யார் கேட்டார்கள் வாசனை. அந்த வாசனையோடு பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சை சோப்பும் நல்லெண்ணெயும் கலந்துகொண்டிருக்கிறது. சோப்பு முதலில், எண்ணெய் பிறகு, பிறகு ஐஸ்கட்டி. ஐஸ் வைத்தால் வீக்கம் வற்றும் என்று எங்கோ படித்த ஞாபகம், ஆனால் வீங்கியிருக்கிற இடம் பந்துக்குள் இருக்கிறது, ஐஸ் வெளியே இருக்கிறது. கட்டைவிரல் துளையை நேராகப் போட மாட்டார்கள், கையின் வாகுக்குத் தகுந்து கொஞ்சம் சாய்த்துப் போடுவார்கள். எனக்குச் சாய வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் மூட்டு உள்ளே போகும்போது நெளிந்து வழிவிட்டது, வெளியே வரும்போது குறுக்கே நிற்கிறது. இழுக்க இழுக்க வீங்குகிறது. வீங்க வீங்க இழுக்கிறேன். உள்ளே நாடி துடிப்பது தெரிகிறது, என் விரல் துடிக்கிறதா பந்துக்குத்தான் உயிர் வந்துவிட்டதா. விளிம்பில் தெரிகிற கொஞ்சம் சதை நாவல்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, பந்தின் நிறத்துக்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால் வருவார்களா. வருவார்கள். நாலு பேர் பூட்ஸ் காலோடு படியேறி வருவார்கள், தெருவே பின்னால் வரும், ஒருவர் ரம்பம் வைத்துக்கொண்டு, ஆடாம இரும்மா என்பார். ஆடாமல் எப்படி இருப்பது. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. அதற்கு இந்த விரல் வேண்டும். பந்து இல்லாவிட்டால் மாலில் கிடக்கிற பொதுப் பந்தை எடுத்து உருட்டிக்கொள்ளலாம், தோற்பேன், ஆனால் உருட்டலாம். விரல் இல்லாவிட்டால் என்ன செய்வது, அங்கேதான் யோசனை வந்து நிற்கிறது, முட்டுகிறது, திரும்பவும் நுகர்வோர் மன்றத்துக்கு ஓடுகிறது.

தண்ணீர்ச் சத்தம். முதலில் அது என் காதுக்குள் ஓடுகிற ரத்தம் என்று நினைத்தேன். இல்லை, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, அம்மா காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் போனாள், மோட்டாரைப் போட்டா மறக்காம நிறுத்து, உனக்கு ஊரு உலகத்து நியாயமெல்லாம் ஞாபகம் இருக்கும், ஸ்விட்ச் இருக்காது. கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல், "மங்கை, ஏம்மா மங்கை, தண்ணி ஊத்துது பாரு, காதுல என்ன பஞ்சா." வரேன் ஆன்ட்டி என்று எழுந்திருக்கிறேன். பந்து பன்னிரண்டு பவுண்டு. அந்தக் கனத்தை விரலில் தொங்கவிட்டால் உயிர் போகிறது, அதனால் வலது கையால் அணைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறேன், இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு. வாசல் கதவுப் பக்கத்து நிலைக்கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டேன், கைக்குழந்தையோடு யாரோ ஒரு பெண் மோட்டார் ஸ்விட்சை முழங்கையால் தட்டிக்கொண்டிருக்கிறாள். தலை கலைந்து, நைட்டியில் எண்ணெய்க் கறை. பார்த்ததும் ஏன் அப்படி ஒரு பயம் வந்தது என்று தெரியவில்லை. விரல் போய்விடும் என்கிற பயம் இல்லை, அது வேறு. இது இறக்கிவைக்க முடியாது என்கிற பயம். யாராவது வந்து இறக்கினால்தான் உண்டு, அவர்கள் வரும் வரைக்கும் சுமந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். "நிறுத்திட்டியா" என்கிறாள் வீட்டுக்காரம்மா. நிறுத்திட்டேன் ஆன்ட்டி. "அம்மா வந்ததும் சொல்றேன்." எதைச் சொல்வாள். சொல்லட்டும். உலகத்தில் எல்லோருமே என்னைப் பற்றி என் அம்மாவிடம்தான் சொல்கிறார்கள், என்னிடம் சொல்வதில்லை.

திரும்பவும் தரை. வலது கையால் போனில் தட்டுகிறேன், வலது கட்டைவிரலுக்கு எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை, சோறு பிசையவும் பிரசாதம் வாங்கவும் மட்டும் பழக்கிவைத்த கை அது. கடையின் சாட் பெட்டியில் ஸ்டீபன் என்று ஒருவர் இருக்கிறார், துளை போடுகிறவரும் அவர்தானாம், பெங்களூர்த் தமிழர். ‘உங்களுடைய அலட்சியத்தால்’ என்று தொடங்கினேன், அலட்சியத்துக்கு மூன்று தடவை பிழை போட்டேன். பதில் வரும் வரைக்கும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கையை எத்தனை பேர் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோக்காரர், கைய மாத்திக் குடும்மா, மொத போணி. சித்தி மகள் கல்யாணத்தில் அட்சதை போடப் போனபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது, யார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, பிடித்த இடத்தில் மோதிரம் அழுந்தியது மட்டும் தெரியும். பல்கலைக்கழகத்து நாற்காலிகளில் எழுதுகிற பலகை வலது பக்கம்தான் முளைத்திருக்கும், நான் இடுப்பைத் திருகிக்கொண்டு தேர்வு எழுதுவேன், சமத்துவம் பற்றிப் பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு இடுப்பைத் திருகிக்கொண்டு பதில். இதைத் துறைத்தலைவரிடம் சொன்னபோது, அடுத்த வருஷம் பாக்கலாம் மங்கை, நீ எதையும் சண்டையாவே பாக்கற என்றார். எதையும் இல்லை சார், நாற்காலியை. ஆனால் முதல் தடவை தோழிகளோடு மாலுக்குப் போய்ப் பந்தை எடுத்தபோது அங்கே இருந்த கோச் என் கையைப் பார்த்துவிட்டு, லெஃப்டா, கொடுத்து வெச்சவம்மா நீ என்றார். தளத்தில் எண்ணெய் பூசியிருப்பார்கள், எல்லோரும் வலது கையால் உருட்டி உருட்டி வலது பக்கத்து எண்ணெய் கலைந்து போயிருக்கும், இடது பக்கம் யாரும் தொடாமல் அப்படியே இருக்கும், பந்து சொன்ன பேச்சைக் கேட்கும். எனக்கென்று ஒரு பக்கத்தை யாரும் மிதிக்காமல் வைத்திருக்கிற ஒரே இடம் ஊரில் அதுதான். அந்த இடத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டிய பந்தைத்தான் இவர்கள், இவர்களும், வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். அப்படியானால் இது கவனப்பிசகு இல்லை. பிசகு என்றால் அளவு தவறும். எல்லா அளவும் சரியாக இருந்து கை மட்டும் மாறினால் அது திருத்தம். என்னைத் திருத்தியிருக்கிறார்கள். இந்த வரி நன்றாக இருக்கிறது, மனுவில் சேர்க்க வேண்டும்.

போன் அதிர்கிறது. ஸ்டீபன். ‘மேடம், சாரி. பட் நாங்க கன்ஃபர்ம் பண்ணிட்டுத்தான் டிரில் பண்ணோம்.’ பொய். ‘நிறைய பேர் கையை செல்ஃபி கேமராவுல எடுத்து அனுப்புவாங்க. படம் கண்ணாடி மாதிரி மாறிடும், ரைட் லெஃப்டா தெரியும். அதனால லெஃப்ட்னு வந்தா போன் பண்ணிக் கேக்காம டிரில்லைத் தொட மாட்டோம்.’ அப்படியானால் இடது கைக்காரி என்று ஒருத்தி எழுதினால் நம்ப மாட்டார்கள், கேமராவின் தவறு என்று நினைப்பார்கள். பாருங்கள், இதையும் சேர்க்கலாம். ‘எனக்கு யாரும் போன் செய்யவில்லை’ என்று அடித்தேன். ‘கூரியருக்கு நீங்க குடுத்த நம்பருக்குப் பண்ணோம் மேடம். உங்க அம்மா எடுத்தாங்க. ரைட் ஹேண்ட்தான்னு சொன்னாங்க. ரெண்டு வாட்டி கேட்டேன்.’ பகலில் வகுப்பில் போன் எடுக்க முடியாது என்று அம்மா நம்பரைக் கொடுத்தது நான்தான். அது சரி. ஆனால் அம்மா எப்படி. வேறு யாரோ அம்மாவாக இருக்கும், வேறு ஏதோ பந்தாக இருக்கும். நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு இடது கையால் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னை ஐந்து வயதில் பார்த்தவள் அவள். கோலப்பொடியைக் கையிலிருந்து தட்டிவிட்டவளும் அவள். அவளுக்கு இடது எது வலது எது என்று தெரியாதா. ஒருவேளை அலுவலகச் சத்தத்தில் கேள்வி காதில் விழவில்லை. ஆனால் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். ஒருவேளை வேண்டுமென்றே, எதற்காக, நான் தோற்க வேண்டும் என்றா. அம்மா அவ்வளவு தூரம் யோசிக்கிறவள் இல்லை. அதற்குக் கீழே வேறு ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டுத் தொட்டு யோசனை பின்வாங்குகிறது. ஸ்டீபன் எழுதுகிறார், ‘மேடம் இருக்கீங்களா?’ இருக்கிறேன். எங்கே போவது.

அம்மா வருகிற சத்தம். கூட்டுறவுச் சங்க அலுவலகத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள், செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள், கீழ் வீட்டம்மா என்ன சொல்றாங்க, தண்ணி தெருவுக்கு ஓடிச்சாம், என்று சொல்லிக்கொண்டே வந்து என்னைப் பார்த்து நிற்கிறாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"என்னடி இது."

"மாட்டிக்கிச்சு."

"எது."

"விரல். வேறென்ன மாட்டும்."

பையை வைத்தாள். புடவைத் தலைப்பைச் செருகினாள். பக்கத்தில் உட்கார்ந்து, விளிம்பில் தெரிந்த சதையைத் தொட்டுப் பார்த்தாள், அவள் முகம் ஒரு நொடி என் ஐந்து வயதுக்குப் போய்விட்டு வந்தது. "இழுத்தியா. இழுக்கத்தான் செஞ்சிருப்ப. நீ எதைத்தான் இழுக்காம விட்ட." எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். "சின்ன வளையல் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவோம், இழுப்போமா. கைய உள்ள தள்ளு. தள்ளுடி. இப்பக் கொஞ்சம் திருப்பு." தள்ளினேன். வலி தோள் வரைக்கும் ஏறியது. கேட்காமல் இருந்தால் விரல் வெளியே வந்துவிடும் என்றுகூடத் தோன்றியது, ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"பெங்களூர்லேருந்து உனக்கு யாராவது போன் பண்ணாங்களாம்மா."

"யாரு பெங்களூரு."

"உன் பொண்ணு வலது கையா இடது கையான்னு."

எண்ணெய் பூசுகிற கை நின்றது. திரும்பவும் ஓடியது. "ஒரு ஆள் பண்ணினான். ஆபீஸ்ல ஆடிட்டு நேரம், எங்கேருந்து பேசறேன்னு சொன்னது சரியாக் காதுல விழல. ஆம்பளைக் குரல், மரியாதையாத்தான் பேசினான். பொண்ணு ரைட் ஹேண்டா லெஃப்ட் ஹேண்டான்னு கேட்டான். ரைட்டுன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன."

"வேற என்ன சொல்றது."

"யார் எதுக்குக் கேக்கறாங்கன்னு கேக்க மாட்டியா."

"எதுக்குக் கேப்பாங்க. பொண்ணு விசாரிக்கிறவங்க கேப்பாங்க. பந்துக்கு ஓட்டை போடறவன் கேப்பான்னு எனக்கு என்ன கனவா." அவள் குரலில் கோபம்தான் இருந்தது, தவறு செய்தவள் குரல் இல்லை. "கேக்க மாட்டாங்கன்னு நெனைக்கறியா. அந்த விருத்தாசலத்து மாப்பிள்ளை ஜாதகம் எல்லாம் பொருந்தி வந்து இந்தக் கையாலதான் போச்சு. பரிமாறும்போது எந்தக் கைன்னு கேட்டு, உங்க பெரியம்மா உண்மைய ஒளறி..."

"எந்த விருத்தாசலம்."

சமையலறையில் குழாய் சொட்டுகிறது. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே எங்கோ விரல் வெளியே வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பந்து என் மடியிலிருந்து உருண்டு கேஸ் சிலிண்டரில் முட்டி நின்றது. விரலில் மூட்டுப் பக்கம் தோல் உரிந்து சிவந்திருக்கிறது, காற்றுப் பட்டதும் எரிகிறது, மடக்கினால் மடங்குகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறிவிடும். சந்தோஷப்பட வேண்டும். நுகர்வோர் மன்றத்துக்குச் சேர்த்துவைத்த வரிகள் எல்லாம் வாய்க்குள் இருக்கின்றன, ஒன்றுகூட இந்த வழக்குக்கு ஆகாது. எதிர்த்தரப்பு பெங்களூரில் இல்லை, என் விரலில் மஞ்சள்தூள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் ஜாதகம் விருத்தாசலம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது, நான் இடுப்பைத் திருகிக்கொண்டு தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில். என் கையை வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்தக் கைக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

"எத்தனை இடத்துக்குக் குடுத்திருக்க."

"எரியுதா."

"அம்மா."

"உங்கப்பா கத்தார்லேருந்து மாசம் ஒரு தடவை போன்ல கேக்கறார், என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு. அவருக்கு நீயா பதில் சொல்ற. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சும்மா பாத்துட்டுப் போறோம்னு சொல்லியிருக்காங்க. சாயந்தரம்தான். நீ காலையில போய் ஆடிட்டு வந்துடலாம்."

ஆடிவிட்டு வந்துவிடலாம். இதைவிடப் பெரிய சலுகையை அவள் யோசித்துப் பார்த்திருக்க முடியாது, அது தெரிகிறது, அதுதான் கஷ்டம். திட்டினால் வாதாடலாம். அவள் ஏற்பாடு செய்திருக்கிறாள், காலை எனக்கு, சாயந்தரம் அவர்களுக்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவளால் முடிந்த அளவுக்கு நியாயமாகவே பிரித்திருக்கிறாள். அந்தச் சாயந்தரத்தில் நான் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வருவேன், வலது கையால், எல்லோரும் கையைப் பார்ப்பார்கள். அல்லது நான் வரமாட்டேன், அம்மா கூடத்தில் எல்லோருக்கும் நடுவே தனியாக நிற்பாள். இரண்டிலும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். உள்ளே தள்ளு, திருப்பு என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்.

"நான் வர மாட்டேன்."

"பாக்கலாம்."

"பாக்க ஒண்ணும் இல்ல. அவங்க கை எதுன்னு கேட்டா என்ன சொல்லுவ. அதைச் சொல்லு. அவங்ககிட்டயும் ரைட்டுன்னுதான் சொல்லுவியா."

அவள் மஞ்சளை விட்டுவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை மூட ஆரம்பித்தாள். மூடி வழுக்கியது. திரும்பவும் மூடினாள். அவள் பதில் சொல்லாமல் இருக்கும்போது உதடு மட்டும் லேசாக அசையும், உள்ளே யாரிடமோ கணக்குச் சொல்கிற மாதிரி. எனக்கு மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நினைத்திருந்தேன், உள்ளேயே ஒரு மன்றம் வைத்துக்கொண்டு வாதாடுவது. அவளுடைய மன்றத்தில் எதிர்த்தரப்பு யார். நானா, அப்பாவா, விருத்தாசலமா. எத்தனை வருஷமாக நடக்கிறது அந்த வழக்கு.

அவள் போன் அடித்தது. பைக்குள்ளிருந்து நான்தான் எடுத்தேன், அவள் கையெல்லாம் எண்ணெய். புது நம்பர். ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் பிடித்தேன்.

"மேடம், பெங்களூர்லேருந்து ஸ்டீபன் பேசறேன். அந்த பௌலிங் பால் விஷயமா. உங்க பொண்ணு சாட்ல பேசிட்டிருந்தாங்க, அப்புறம் பதிலே காணோம், ரொம்பக் கோவமா இருக்காங்கபோல. ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம். நாளைக்கே கூரியர்ல போட்டீங்கன்னா பழைய ஓட்டைய அடைச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம், ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி கைக்கு வந்துடும். ஆனா இந்தத் தடவை மாறிடக் கூடாது. உங்க பொண்ணு ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொன்னீங்க, அதான் கேட்டுடலாம்னு. ரைட்டா, லெஃப்டா மேடம்?"

அம்மா போனைப் பார்த்தாள். வாய் திறந்தது, பழகிப்போன பதில் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, அந்த வாயை அவ்வளவு பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடினாள். என் கையைப் பார்த்தாள், தோல் உரிந்த விரலை, பிறகு என்னை.

"மேடம்? கேக்குதா? நீங்க முன்ன சொன்ன மாதிரி ரைட்டுன்னே வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்காதீங்க சார்," என்றாள் அம்மா. "கை அவளோடது. இங்கதான் உக்காந்திருக்கா. அவளையே கேளுங்க."